நூர்லான்

எங்கள் பக்கம் மலை கிடையாது.
கொடுங்கையூரில் குப்பைமேடு உண்டு, மேலே பருந்து சுற்றும்.
எண்ணூர்ப் பக்கம் நிலக்கரி குவிந்திருக்கும்.
அவ்வளவுதான் உயரம்.
ஆகவே கொருக்குப்பேட்டை நடைமேம்பாலத்தில்
ஏறி இறங்கினேன், விடியும் முன், நாற்பது தடவை,
முதுகுப்பையில் பன்னிரண்டு கிலோ புழுங்கலரிசி.
நின்றுவிட்ட கூட்ஸ் வண்டிக்கு அடியில் குனிந்து வந்தவர்கள்
என்னை ஏற இறங்கப் பார்த்தார்கள்.

"இன்னாத்துக்கும்மே இது?"
கருவாட்டுக் கூடையோடு செல்வராணி.
குளிர் ஊருக்குப் போறேன்.
"துட்டு குடுத்தா?"
ஆமாம்.
அவள் காதைச் சுற்றி மப்ளர். அன்றைக்கு
இருபத்திரண்டு டிகிரி.

காசிமேட்டு ஐஸ் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன்.
எந்த லாஞ்சுக்கு எத்தனை பார், யார் கடன்.
ஒன்பது வருடமாகக் குளிர் என்றால் எனக்கு ஓர் அறை.
அதற்குக் கதவு உண்டு.
வெளியே வந்தால் முடிந்துவிடும்.

கோட்டு வாங்கியது பர்மா பஜாரில்,
பழந்துணி மூட்டைக்குள்ளிருந்து, அறுநூறு ரூபாய்.
இடது பையில் சூரியகாந்தி விதைத்தோல் ஒன்று.
காலருக்குள் மையால் ஏதோ எழுதியிருந்தது,
பாதி இங்கிலீஷ் மாதிரி,
நடுவில் முக்காலி போல ஓர் எழுத்து.

டாக்டருக்குப் படிக்கும் பையன்களோடும்
அவர்கள் அம்மாக்கள் கட்டிக்கொடுத்த ஊறுகாயோடும் பறந்து
கிர்கிஸ்தானில் இறங்கினேன்.
நாரின் தாண்டி வேன் நின்றது.
ஓட்டுநர் ஒரு வெள்ளையைக் கை காட்டினார்: அதோ ரோடு.
பதினோரு கிலோமீட்டர்.
மைனஸ் பத்தொன்பது.
மூக்குக்குள் முடி ஒவ்வொன்றும் தனித்தனியாகக் குத்தியது.
தண்ணீர் பாட்டில் வாயைப் பூட்டிக்கொண்டது.
செல்போன் செத்தது.

குனிந்து ஒரு கை அள்ளி முகர்ந்தேன்.
மீன் வாசனை இல்லை.
நம்பாமல் மறுபடி முகர்ந்தேன்.
பிறந்ததிலிருந்து நான் பார்த்த ஐஸில்
சங்கராவோ நெத்திலியோ படுக்காத ஐஸ் கிடையாது;
சர்பத்தில் போட்டுக் கொடுத்தாலும் எனக்கு நாறும்.
இதுவோ எதற்கும் காவல் இல்லை,
எதையும் கெடாமல் பார்த்துக்கொள்ளும் வேலை இல்லை,
சும்மா கிடந்தது ஒரு நாடு முழுக்க.
கொஞ்சம் கோபம்கூட வந்தது.
எத்தனை பார் தேறும் என்று கணக்குப் போட்டேன்.
முதல் வளைவுக்கே நாலு லட்சம்.
விட்டுவிட்டேன்.

உறைந்த ஆற்றின் மேல் நடக்கையில்
காலுக்குக் கீழே அந்தச் சத்தம்:
ராத்திரி மூன்று மணிக்கு எங்கள் க்ரஷரில்
முதல் பார் விழுமே, அதே.
பழக்கத்தில் ஒதுங்கி வழிவிட்டேன்.
பிறகுதான் புரிந்தது, வழி விட அங்கே யாரும் இல்லை,
உடைவது நான் நிற்கும் தரை.
கரைக்கு எப்படி வந்தேன் என்பதை
செல்வராணியிடம் சொல்லவில்லை.

அன்றிரவு தங்கிய வீட்டுக்காரி ஐபெரி.
கோட்டை வாங்கி அடுப்பருகே மாட்டப்போனவள்
காலரைப் பார்த்து நின்றாள், சிரித்தாள்,
தன் போனில் தட்டி இங்கிலீஷாக்கிக் காட்டினாள்.
*நூர்லானுடையது. தொடாதே.*
எந்த நூர்லான்?
விரல் விட்டு எண்ணினாள்: மேட்டு வீட்டில் ஒருத்தன்,
பள்ளிக்கூடத்தில் இரண்டு பேர்,
மாஸ்கோவுக்கு வேலைக்குப் போனவன் ஒருத்தன்.
நாலாவது விரலோடு எழுந்துபோய்
அடுப்பில் விறகு வைத்தாள். அது நன்றாகத்தான் எரிந்துகொண்டிருந்தது.

காலையில் கோட்டை அவளிடம் நீட்டினேன்.
வாங்கி, என் தோளிலேயே போட்டு,
ஜிப்பைக் கழுத்து வரை இழுத்துவிட்டாள்.

இப்போது அது கம்பெனி ஆணியில் தொங்குகிறது.
குளிர் அறைக்குள் போகிற எல்லாரும் மாட்டிக்கொள்கிறார்கள்.
கையில் காலா மீன் செதில், முதுகில் யாரோ துடைத்த கிரீஸ்.
நேற்று லாஞ்சு வர லேட். தேசப்பன்
அறை வாசலில் கையைத் தேய்த்துக்கொண்டு கத்தினான்:
"யக்கா, அந்த நூர்லானைக் குடுக்கா!"

கொடுத்தேன்.
அந்த இன்னொரு வார்த்தையை மட்டும்
இங்கே யாருக்கும் சொல்லவில்லை.